நாலாவது நொடி

எங்கள் கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்க ஒரு வினோதமான பரீட்சை உண்டு. கேள்வித்தாள் கிடையாது, பேனா கிடையாது. ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே வெறும் வெள்ளைப் பலகை ஒன்றை நிறுத்தி, "அரை மணி நேரம் இதைப் பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கதவிலிருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக யாரோ நோட்டம் விட்டுக்கொண்டிருப்பார்கள். காலாட்டுகிறவர்கள், நகம் கடிக்கிறவர்கள், கதவைத் தட்டி "சார், என்னை மறந்துட்டீங்களா?" என்று கேட்கிறவர்கள் எல்லாம் அப்படியே வீட்டுக்குப் போகலாம். நான் காலாட்டினேன். அன்றைக்கு அவர்களுக்கு ஆள் பற்றாக்குறை, அதனால் பிழைத்தேன்.

எனக்கு நாலு வருஷம் முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர் நிதானம் அக்கா. அரை மணி முடிந்ததும் அதிகாரி வந்து, "போர் அடிச்சுதாம்மா?" என்று கேட்டாராம். "நல்லா அடிச்சுது சார். அடிச்சா அடிச்சிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்" என்றாராம் அக்கா. அந்த இடத்திலேயே வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

நிதானம் என்பது நாங்கள் வைத்த பெயர். டீயை ஆறவைத்துத்தான் குடிப்பார். செருப்பைக் கழற்றினால் ஜோடி சேர்த்து வைப்பார். பஸ் கிளம்பப் போகிறது என்று தெரிந்தாலும் ஓடமாட்டார். பாழாய்ப்போன அந்த பஸ்ஸும் அவரை ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும், என்னை மட்டும் விட்டுவிட்டுப் போகும். அவர் வீட்டுக்காரரே பஸ் டிரைவர் என்பதால் டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து சலுகை காட்டுகிறார்கள் என்பது என் சந்தேகம். எனக்குக் கம்பெனியில் வைத்த பெயர் பட்டாசு. காரணம் போகப் போகத் தெரியும்.

நாங்கள் ஆறு பெண்கள். ஊசியில் ஏற்றுகிற மருந்தை அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது எங்கள் வேலை. ஆளுக்கொரு விளக்குப் பெட்டி இருக்கும். அதற்குள் பாதி வெள்ளைப் பின்னணி, பாதி கறுப்பு. குப்பியை எடுத்து மெதுவாக ஒரு சுழற்று சுழற்றி, வெள்ளைக்கு முன்னால் பிடித்து மனசுக்குள் ஐந்து எண்ணவேண்டும். கறுப்பாக எதாவது மிதந்தால் அதில் தெரியும். பிறகு கறுப்புக்கு முன்னால் ஐந்து. கண்ணாடிச் சில்லோ பஞ்சு இழையோ இருந்தால் அதில் தெரியும். கெட்டதென்றால் சிவப்புத் தட்டில் வைப்போம், நல்லதென்றால் ட்ரேயில் அடுக்குவோம். ஒரு ட்ரேக்கு அறுபது குப்பி, ஒருவருக்கு ஒரு நாளைக்கு இருபத்தோரு ட்ரே. பெரிய கம்பெனிகளில் இதற்கு மிஷின் இருக்கிறதாம். எங்களுடையது சின்ன கம்பெனி, மிஷினுக்குப் பதில் நாங்கள்.

ஆயிரம் குப்பி பார்த்தால் ஒன்றிலோ இரண்டிலோ எதாவது இருக்கும். மற்றதெல்லாம் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். "நீ என்ன வேலை பாக்குற?" என்று என் நாத்தனார் கேட்டபோது, "ஒண்ணும் இல்லாததைப் பாக்குறேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

முக்கால் மணிக்கு ஒரு தடவை கண்ணுக்குப் பத்து நிமிஷம் ஓய்வு கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அதற்கென்றே ஒரு அறை உண்டு. ஆறு நாற்காலிகள், எல்லாம் சுவரைப் பார்த்தபடி. சுவருக்கு வெளிர் பச்சை பெயிண்ட். ஒரு ஜன்னல், அதில் எட்டிப் பார்த்தால் பக்கத்துக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டியும், லாரி வந்து போகிற வழியும். புத்தகம், போன், பின்னல் ஊசி எதுவும் உள்ளே வரக்கூடாது. கதவில் 'கண் ஓய்வு அறை' என்று எழுதியிருந்தாலும் நாங்கள் அதைச் சும்மா ரூம் என்போம். எனக்கு அந்த ரூம் என்றாலே வேப்பங்காய். பத்து நிமிஷம் பச்சைச் சுவரைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

அக்காவுக்கோ அதுதான் சொந்த ஊர் மாதிரி. அவர் வீடு இரண்டே அறை. ஓர் அறையில் டிவி எந்நேரமும் ஓடும், அதற்கு மேல் வீட்டுக்காரர் போனில் டிப்போ விவகாரம் பேசுவார், மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு சத்தமாகப் பாடம் படிப்பாள். அந்த வீட்டில் யாருக்கும் ஒரு நிமிஷம் போர் அடிக்க வழியில்லை. அதனால் அக்கா தன் குடும்ப விவகாரம் அத்தனையையும் பச்சைச் சுவரிடம் கொண்டுவந்து வைப்பார்.

ஒரு தடவை அவர் மகளும் வீட்டுக்காரரும் ஏதோ படிப்பு விஷயத்தில் முட்டிக்கொண்டு, ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா இருவருக்கும் நடுவில் தபால்காரர் போல ஓடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் சும்மா ரூமில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "பீரோவ நகத்தணும்" என்றார். "என்னக்கா, பீரோவுக்கு என்ன?" என்றேன். "பீரோவுக்கு ஒண்ணுமில்ல. ஒரு ஆளால தூக்க முடியாது, அவ்வளவுதான்." அன்று சாயங்காலம் இடுப்பு வலி என்று தான் ஒதுங்கிக்கொண்டு, அப்பாவையும் மகளையும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கவைத்திருக்கிறார். "அந்தப் பக்கம் தூக்குங்கப்பா", "மெதுவா, கால்ல போட்டுக்காத" என்று பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவேயில்லை. பீரோ மறுநாள் பழைய இடத்துக்கே வந்துவிட்டதாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புன்னகை சார் வந்து சேர்ந்தார். ஊழியர்களைச் சந்தோஷமாக வைத்திருப்பதற்கென்றே கம்பெனி ஒரு ஆளை வேலைக்கு எடுத்தது. கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நல்ல மனுஷன், எப்போதும் சிரித்த முகம். சும்மா ரூமைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பே ஒரு நிமிஷம் காணாமல் போனது. "இது என்னங்க, தண்டனை குடுக்கற இடம் மாதிரி இருக்கு?" என்றார். நான்தான் முந்திரிக்கொட்டையாக, "நல்லா கேளுங்க சார்!" என்றேன்.

ஒரே வாரத்தில் நாற்காலிகள் போய் மெத்துமெத்தென்று சோபா வந்தது. சுவரில் டிவி. இன்டர்நெட் இலவசம், போன் கொண்டுபோகலாம். கதவில் 'மகிழ்ச்சி மூலை' என்று வண்ண எழுத்தில் புதுப் பலகை. நாங்கள் கை தட்டினோம். அதிகமாகத் தட்டியது நான். தரம் பார்க்கிற மேடம், நாங்கள் தரம் மேடம் என்போம், "கண்ணுக்கு ஓய்வு வேணுமே" என்று இழுத்தார். "டிவி பாக்குறதும் ஓய்வுதானே மேடம்" என்று சார் சிரித்தார். அதோடு பேச்சு முடிந்தது.

அக்கா முதல் இரண்டு நாள் போனைத் தொடவில்லை. சோபாவில் உட்கார்ந்து, டிவிக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த பச்சைச் சுவரைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா இந்தக் காலத்துல போய், இங்க பாருங்க" என்று என் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அதில் ஒருவன் அழுக்கேறிய கார்ப்பெட்டைத் துவைத்துக்கொண்டிருந்தான். தண்ணீரைப் பீய்ச்சி, நுரை தள்ளி, சேறு கரைந்து ஓட, அடியிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்ட கம்பளம் வெளியே வந்தது. எல்லாம் அரை நிமிஷத்தில். "அட!" என்றார் அக்கா. "இன்னொண்ணு காட்டு."

நான் செய்த பாவம் அதுதான். அவர் போனில் அதை எப்படித் தேடுவது என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். உலகத்தில் இத்தனை அழுக்குக் கார்ப்பெட் இருக்கும் என்று எனக்கே அதுவரை தெரியாது. ஓய்வு நேரம் முழுக்க ஒன்று முடிந்து ஒன்று. பஸ்ஸிலும் கார்ப்பெட், சாப்பிடும்போதும் கார்ப்பெட். மகள் ஒரு நாள் எனக்கு போன் செய்து, "ஆன்ட்டி, அம்மாகிட்ட நாளைக்கு எனக்குப் பரீட்சைன்னு சொன்னேன், ம்ம்னு சொல்லிட்டுக் கார்ப்பெட் நல்லா வந்துச்சுன்னாங்க" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மூன்றாம் வாரம் அக்காவின் போட்டோ அறிவிப்புப் பலகையில் ஏறியது. 'இந்த மாத நட்சத்திரம்.' இருபத்தோரு ட்ரே பார்த்துக்கொண்டிருந்தவர் இருபத்தெட்டுக்குப் போயிருந்தார். எங்கள் எல்லாருக்குமே கூடியிருந்தது, அவருக்கு அதிகம். "பாத்தீங்களா, மனசு சந்தோஷமா இருந்தா கை தானா வேகம் எடுக்கும்" என்றார் புன்னகை சார். எனக்கு வயிற்றெரிச்சல்தான். நான் இருபத்தேழு.

சோபா வந்த வாரத்திலிருந்தே இன்னொரு கூத்து. பெட்டி மேல் ஒட்டுகிற லேபிளை அச்சடிக்கிறவர்கள் பச்சை நிறத்துக்குப் பதில் நீலத்தில் அடித்து அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியாயிற்று. லேபிள் ஒட்டாமல் சரக்கு வெளியே போகாது. ஸ்டோர் நிரம்பி வழிந்து, நடைவழி முழுக்க அட்டைப் பெட்டி. நான் தினமும் இரண்டு தடவையாவது அந்தப் பெட்டிகளில் இடித்துக்கொண்டு லேபிள்காரர்களை வாயார வாழ்த்தினேன்.

நாலாம் வாரம் புதன்கிழமை அக்காவுக்குப் பரீட்சை. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை, ஆளுக்கொரு தேதியில் இது வரும். நூறு குப்பி கொடுப்பார்கள். அதில் பன்னிரண்டு கெட்டவை. எவையென்று தரம் மேடத்துக்கு மட்டும் தெரியும். அக்கா இத்தனை வருஷத்தில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு எடுக்காமல் விட்டதில்லை. அன்றைக்கு எட்டுதான் எடுத்தார். மேடம் தாளை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, "கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்க. அடுத்த வாரம் மறுபடி பாப்போம்" என்றார். மறுபடியும் தவறினால் விளக்குப் பெட்டியை விட்டு பேக்கிங் பக்கம் போகவேண்டியதுதான். அக்கா விட்ட நாலும் என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டார். செருப்பை மாட்டும்போது இடதும் வலதும் மாறியிருந்தது.

வியாழக்கிழமை லீவு போட்டுக் கண் டாக்டரிடம் போனார். அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிவதற்காக நாற்பது நிமிஷம் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா வழக்கம்போலப் போனை எடுத்தார். மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் கிட்டத்தில் எதுவும் தெரியவில்லை, கார்ப்பெட்டெல்லாம் ஒரே களிமண். போனைப் பையில் போட்டுவிட்டார். வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் குறட்டை. எதிர்ச்சுவர் தூரத்தில் இருந்ததால் அதிலிருந்த கடிகாரம் மட்டும் ஓரளவு தெரிந்தது. நாலு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, பார்க்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

முதலில் கை பரபரத்ததாம். அப்புறம் காரணமே இல்லாமல் கோபம். அதன்பின் நன்றாகப் போர் அடித்திருக்கிறது. பழக்கதோஷத்தில் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்திருக்கிறார். ஐந்து முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தால், கடிகாரத்தின் சிவப்பு முள் மூன்று நொடியைத் தாண்டிக் கொஞ்சம்தான் நகர்ந்திருக்கிறது. கண்ணில் மருந்து விட்டதால் சரியாகத் தெரியவில்லை போல என்று மறுபடி எண்ணினார். அதே மூன்று. பத்துத் தடவை எண்ணிப் பார்த்திருக்கிறார்.

டாக்டர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "உங்க வயசுக்கு இப்படி ஒரு கண்ணு நான் பாத்ததில்ல" என்று பாராட்டி அனுப்பினார். வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். அக்கா மட்டும் அவர் வாட்சைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் உடை மாற்றும் அறையில் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். கையில் வீட்டுக்காரரின் பெரிய வாட்ச்.

"கண்ணு நல்லா இருக்காம்."

"அப்பாடா! அப்புறம் ஏன்க்கா மூஞ்சி இப்படி இருக்கு?"

"அஞ்சு எண்ணு."

"என்னது?"

"குப்பி பாக்குற மாதிரி மனசுக்குள்ள அஞ்சு எண்ணு. முடிஞ்சதும் கையத் தூக்கு."

எண்ணினேன், தூக்கினேன்.

"மூணுகூட ஆகல" என்றார்.

"உங்க வாட்ச் ஓடலக்கா. பேட்டரி போயிருக்கும்" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "பரீட்சையில நான் விட்ட நாலும் என்னன்னு மேடம்கிட்ட கேட்டேன். மூணு கண்ணாடிச் சில்லு, ஒண்ணு இழை. நீயே சொல்லு, சில்லு எப்படி வரும்? சுத்தி நிறுத்தினதும் முதல்ல குமிழியெல்லாம் மேல போகும். தண்ணி சுத்திக்கிட்டே இருக்கும். அது அடங்கி, சில்லு கீழ இறங்கும்போது ஒரே ஒரு தரம் மின்னும். அது நாலாவது செகண்ட்லதான். நான் அதுக்குள்ள அடுத்த குப்பிய எடுத்துட்டேன். அஞ்சுதான்டி எண்ணினேன். எண்ணிக்கையில ஒண்ணுகூட விடல. அரை நிமிஷத்துக்கு ஒரு கார்ப்பெட் பாத்துப் பாத்து, அந்த அஞ்சே சின்னதாப் போயிருக்கு."

எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் நடைவழிப் பெட்டிகள்தான் ஞாபகம் வந்தன. அன்று காலைதான் நடைவழியில் பச்சை லேபிள் ஒட்டிய பெட்டிகளைப் பார்த்து, "அப்பாடா, லேபிள் வந்துடுச்சு" என்று நான் கும்பிடு போட்டுவிட்டு வந்திருந்தேன். மறுநாள் மத்தியானம் முதல் லாரி. நாலு வாரமாக நாங்கள் பார்த்துத் தள்ளிய சரக்கு அதில் போகப்போகிறது. எங்களுக்குப் பிறகு ஒருவர் ட்ரேக்கு இரண்டு குப்பி எடுத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் நேரே யாரோ ஒருவரின் நரம்பு.

"அக்கா, சொன்னா கேளுங்க. வாயத் திறக்காதீங்க" என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் சொன்னேன். "அடுத்த வாரம் பரீட்சையில மெதுவா எண்ணிப் பாஸ் பண்ணிடுங்க. இனிமே ஒழுங்கா பாப்போம். நீங்க போய்ச் சொன்னா மொத்தப் பேரையும் தூக்கிருவாங்க."

"தூக்கட்டும்."

"உங்க போட்டோவ வேற மாட்டியிருக்காங்க!"

"இன்னைக்கு அதத் தாண்டி வரும்போது தலையக் குனிஞ்சுக்கிட்டுதான் வந்தேன். எனக்கு மட்டும் பயமில்லையாடி? ராத்திரி பூரா தூங்கல. அந்தக் குப்பிங்க என் கையில இருந்தா யார்கிட்டயும் சொல்லாம நானே எடுத்துத் திரும்பப் பாத்திருப்பேன். இப்ப என் கையில இல்லையே. யார் கையில இருக்கோ அவங்ககிட்டதானே போகணும்?"

அவர் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். தடுப்பதற்கா துணைக்கா என்று எனக்கே தெரியாது.

தரம் மேடம் கேட்டதும் கத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஸ்டோருக்கு போன் போட்டார். "இந்த மாசம் பாத்த சரக்குல ஒரு பெட்டியாவது வெளிய போயிருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். போனிலிருந்து ஸ்டோர்காரரின் எரிச்சலான குரல் எங்கள் வரைக்கும் கேட்டது: "எங்க மேடம் போறது? நான் நடக்கவே இடமில்லாம பெட்டி மேல ஏறித்தான் டாய்லெட்டுக்கே போறேன்!"

அக்கா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். லேபிளை நீலத்தில் அடித்த அந்தப் புண்ணியவான்களுக்குக் கோயிலே கட்டலாம். நான் ஒரு மாசமாகத் திட்டிய திட்டையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பிறகு மேடம் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தினார். ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, ஐந்து எண்ணி முடித்ததும் கையைத் தூக்கச் சொன்னார். முதலில் தூக்கியது நான்தான், இரண்டே முக்கால் நொடி. மற்றவர்கள் மூன்று, மூன்றே கால். மூன்றரையைத் தாண்டி ஒருத்தியும் இல்லை. மேடம் தன்னையும் சோதித்துப் பார்த்தார், மூன்றரை. அவர் முகம் வெளுத்துவிட்டது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த புன்னகை சாரையும் பிடித்து எண்ணச் சொன்னார். அவர் இரண்டு நொடியில் கையைத் தூக்கிவிட்டு, "சரியா?" என்று சிரித்தார். யாரும் பதில் சொல்லாததால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பாவமாக இருந்தது.

மறுநாள் லாரி வரவில்லை. நாலு வாரச் சரக்கு முழுவதையும் ஒரு குப்பி விடாமல் மறுபடி பார்க்கவேண்டும் என்று முடிவாயிற்று. யாரையும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. பார்ப்பதற்கு எங்களைத் தவிர வேறு ஆள் இல்லையே.

முதலில் ஒரு சுலப வழி முயன்றார்கள். விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஐந்து நொடிக்கு ஒரு தடவை 'பீப்' அடிக்கிற கருவி. இரண்டே நாளில் நாங்களே கெஞ்சி அதை எடுக்கவைத்தோம். பீப் எப்போது வரும் என்று காது காத்துக்கொண்டிருக்கிறது, கண் குப்பியை விட்டுவிடுகிறது. அக்காதான் மேடத்திடம், "இது வெளிய இருந்து வந்தா ஆகாது மேடம். பழைய ரூமக் குடுங்க" என்றார்.

டிவியைக் கழற்றினார்கள். போன் மறுபடி லாக்கருக்குப் போனது. சோபாவைத் திருப்பி அனுப்ப முடியாது என்றதால் அதையே பச்சைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்கள். 'மகிழ்ச்சி மூலை' பலகையைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை, இன்றைக்கும் இருக்கிறது.

முதல் நாள் எனக்கு நரகம். வேலை அங்கியில் பாக்கெட்டே கிடையாது, ஆனாலும் கை போய் இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷம் முடிந்திருக்கும் என்று எழுந்தால் நாலு நிமிஷம்தான் ஆகியிருக்கும். "என்னக்கா இது, உயிர் போகுது" என்றேன். "போகாது. உக்காரு" என்றார். மூன்றாம் நாள் சுவரில் பெயிண்ட் பிசிறு ஒன்று ஆட்டின் தலை போல இருப்பதைக் கண்டுபிடித்தேன். ஒரு வாரம் கழித்து, எப்போதோ என் அம்மாவிடம் கேட்க நினைத்து மறந்துபோன ஒரு விஷயம் தானாக மேலே வந்தது. அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினேன். என்ன விஷயம் என்பது எங்களுக்குள் இருக்கட்டும்.

காலையில் வந்ததும் ஆறு பேரும் வாட்சை வைத்து எண்ணிப் பார்ப்போம். மூன்றே கால், மூன்றரை, மூன்றே முக்கால் என்று ஊர்ந்து ஊர்ந்துதான் ஏறியது. அக்கா பத்தாம் நாளே நாலரையைத் தொட்டார். நான் நாலைத் தாண்ட மூன்று வாரம் ஆனது. நாலை எட்டாதவர்கள் பார்த்த ட்ரேயை எட்டியவர்கள் இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. என் ட்ரேக்களை அக்காதான் பார்த்தார்.

மறுபடி பார்த்து முடிக்க ஆறு வாரம் ஆனது. மொத்தம் இருபத்தாறு குப்பிகள் அகப்பட்டன. அதில் என் ட்ரேக்களில் இருந்தவை பதினொன்று. எழுதும்போதே கை கூசுகிறது. அக்காவுடையவை ஏழு. ஏழாவது அகப்பட்டபோது நான் பக்கத்துப் பெட்டியில்தான் இருந்தேன். அக்கா குப்பியைச் சுழற்றிக் கறுப்புக்கு முன்னால் பிடித்தார். குமிழிகள் ஏறி மறைந்தன. பிறகு ஒன்றுமில்லை. தெளிந்த மருந்து மட்டும். நானாக இருந்தால் கீழே வைத்திருப்பேன். அவர் கை அசையவில்லை. அப்போது அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு மின்னல் மின்னி அணைந்தது.

அக்கா அதைச் சிவப்புத் தட்டில் வைத்தார். வைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை. "இது போயிருக்கும்டி" என்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. முகமூடி நனைந்தது. மேடம் வந்து, "பத்து நிமிஷம் போய் உக்காந்துட்டு வாங்க" என்று அனுப்பினார். நானும் கூடவே போனேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் பட்டாசு அழுதால் யார் நம்புவார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

தள்ளிப்போய்க்கொண்டே இருந்த மறு பரீட்சையும் நடந்தது. கெட்டது பன்னிரண்டையும் எடுத்தார். அதோடு நல்ல குப்பி ஒன்றையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார். "இதுல என்னம்மா இருக்கு?" என்று மேடம் கேட்க, "எனக்கு என்னமோ சந்தேகமா இருந்துச்சு மேடம்" என்றார். மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்தும் ஒன்றுமில்லை. பரவாயில்லை என்று எழுதிக்கொண்டார். அறிவிப்புப் பலகையிலிருந்த போட்டோவை அக்காவே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். "படம் நல்லாத்தான் விழுந்திருக்கு, எதுக்கு வீணாக்கணும்?" என்றார்.

கடைசிப் பெட்டியும் முடிந்த மறுநாள் மத்தியானம் லாரி வந்தது. நாங்கள் ஓய்வில் இருந்தோம். ஆறு பேரும் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றோம். ஸ்டோர்காரர் ஒவ்வொரு பெட்டியாக ஏற்றினார். பின்கதவைச் சாத்தி இரண்டு தட்டுத் தட்டினார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு லாரி மெயின் ரோட்டில் திரும்பி மறைகிற வரை அக்கா கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப போகட்டும்" என்றார்.

திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தோம். எதிரே பச்சைச் சுவர். இன்னும் ஏழு நிமிஷம் மிச்சம். கொஞ்ச நேரத்தில் அக்கா வாயைப் பிளந்து, கண்ணில் நீர் தளும்ப ஒரு பெரிய கொட்டாவி விட்டார். அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றி, அவளிடமிருந்து எனக்கு வந்து, கடைசி ஆள் வரை போனது.

"என்னக்கா?" என்றேன்.

"போர் அடிக்குதுடி" என்றார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய நிதானம் வந்து உட்கார்ந்திருந்தது. "அப்பாடா. எனக்கு நல்லா போர் அடிக்குது."